"சர்க்கரை சேர்க்கப்படவில்லை" பிஸ்கெட்: 965, 955, மால்டோடெக்ஸ்ட்ரின் எல்லாம் என்ன?

மோர்மிளகாய்:
சுகர் உள்ளவருக்காக வாங்கிய பிஸ்கெட். முன்பக்கம் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை". பின்பக்கம்: மைதா, இனிப்பூட்டி 965, தாவர எண்ணெய், மால்டோடெக்ஸ்ட்ரின், கடைசியில் 955. 100 கிராமில் கார்போஹைட்ரேட் 68 கிராம், மொத்தச் சர்க்கரை 1.5, சேர்த்த சர்க்கரை 0, பாலியால் 20. சர்க்கரையே இல்லையென்றால் 68 எங்கிருந்து வந்தது? நாலு பிஸ்கெட், அதாவது 32 கிராம், கொடுக்கலாமா?

பொடியெழுத்து:
இந்த எண்கள் உணவில் சேர்க்கும் பொருள்களின் குறியீடு. 965 என்பது மால்டிடால். "சர்க்கரை ஆல்கஹால்" வகை, போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லேபிளில் பாலியால் என்று போட்டிருப்பது இதுதான். இனிப்பு சர்க்கரையில் சுமார் 90 சதவீதம், கலோரி ஏறக்குறைய பாதி. ரத்தச் சர்க்கரையை ஏற்றும், ஆனால் மெதுவாக. 955 சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி, சர்க்கரையைவிட 600 மடங்கு இனிப்பு என்பதால் துளிதான் போடுவார்கள், அதனால்தான் பட்டியலில் கடைசி.

கணக்கைப் பாருங்க. 68-இல் பாலியால் 20, சர்க்கரை 1.5 கழித்தால் மிச்சம் 46.5. அது பெரும்பாலும் மைதா மாவுச்சத்து, கூடவே மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின். நாலு பிஸ்கெட்டில் அது மட்டும் 15 கிராம், கிட்டத்தட்ட ஒன்றரை இட்லி அளவு. பாலியால் 6.4 கிராம் தனி. சாப்பாட்டோடு கூடுதலாகக் கொடுத்தால் ஏறத்தான் செய்யும். இட்லியில் ஒன்றைக் குறைத்துவிட்டு இரண்டு பிஸ்கெட் என்றால் பரவாயில்லை.

மோர்மிளகாய்:
மால்டோடெக்ஸ்ட்ரினை ஏன் சர்க்கரைக் கணக்கில் காட்டவில்லை?

பொடியெழுத்து:
லேபிளில் "மொத்தச் சர்க்கரை" என்றால் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ் மாதிரி ஒன்றிரண்டு மூலக்கூறு சேர்ந்தவை மட்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் அதைவிட நீளச் சங்கிலி, அதனால் தப்பிவிடுகிறது. குடலுக்குப் போனதும் மளமளவென உடைந்து குளுக்கோஸாகிவிடும், வேகத்தில் சர்க்கரைக்குச் சளைத்ததில்லை. கரண்டியால் அள்ளிப் போடுகிற சுக்ரலோஸ் பொடிகள் பலவற்றிலும் பெரும்பகுதி இதுதான். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கார்போஹைட்ரேட் வரி, அப்புறம்தான் சர்க்கரை வரி.

ஏலக்காய்:
நானும் சிலதைச் சொல்கிறேன். பாலியால் முழுசாக உறிஞ்சப்படாது. பெருங்குடலில் நீரை இழுத்து, நொதித்து வாயுவாகும். பாக்கெட்டை ஒரே மூச்சில் காலி செய்தால் வயிறு உப்பி, பேதியாகும். 420 என்று போடும் இன்னொரு பாலியாலான சார்பிட்டாலுக்கு இது இன்னும் பொருந்தும். 10 சதவீதத்துக்கு மேல் பாலியால் இருந்தால் மலமிளக்கி எச்சரிக்கை உறையிலேயே இருக்கும், தேடிப் பாருங்க.

வேறு பாக்கெட்டில் 951 என்று இருந்தால் அது அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டி. பாயசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் இனிப்பு போய்விடும். இறக்கி ஆறிய பிறகு கலக்கணும், அல்லது சூடு தாங்கும் 955, 960 (ஸ்டீவியா). பீனைல்கீட்டோனூரியா (பீனைலலனைன் என்ற புரதக்கூறை உடைக்க முடியாத பிறவிக் கோளாறு) உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

"வெல்லம் சேர்த்தது, சர்க்கரை இல்லை" பிஸ்கெட்டுகள் சுகருக்கு உதவாது. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான்.

பொடியெழுத்து:
முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குச் சுகர் இறங்கி வேர்த்து நடுங்கினால் இந்த பிஸ்கெட்டும் டயட் கோலாவும் காப்பாற்றாது. விழுங்கும் நிலையில் இருந்தால் சாதாரணச் சீனி 3 டீஸ்பூன், சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுங்க. 15 நிமிடம் கழித்துச் சோதித்து, 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை.