புதுப்பிப்பு: ஜியோஜீப்ராவில் மையக்குத்துக்கோடு மறையும் சிக்கல் தீர்ந்தது

வடிவியல் படங்கள் வரையும் மென்பொருளான ஜியோஜீப்ராவில், கோட்டுத்துண்டின் முனையை இழுத்தால் அதன் மையக்குத்துக்கோடு (துண்டை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு) ஏன் மறைகிறது என்ற என் கேள்விக்கு விடையளித்த அனைவருக்கும் நன்றி. இரு முனைகளிலும் 3 அலகு ஆரத்தில் வட்டம் வரைந்திருந்ததால், துண்டு 6 அலகைத் தாண்டியதும் அவை வெட்டிக்கொள்ளவில்லை; அவை வெட்டும் இரு புள்ளிகள் வழியாக வரைந்த மையக்குத்துக்கோடும் அதனால் மறைந்தது. ஒவ்வொரு முனையையும் மையமாகக் கொண்டு மறுமுனை வழியாகச் செல்லும்படி இரு வட்டங்களையும் வரையச் சொன்ன யோசனையே பலித்தது. ஆரம் எப்போதும் துண்டின் நீளத்துக்குச் சமமாகவே மாறுவதால், எவ்வளவு இழுத்தாலும் வெட்டும் புள்ளிகள் இரண்டும் நிலைத்திருக்கின்றன. பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் முதல் பகுதியில் சமபக்க முக்கோணம் வரைவதும் இதே இரு வட்டங்களைக் கொண்டுதான் என்பது மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

எதிர்பாராத ஒன்று: துணை வட்டங்களை அழித்தால் அவற்றைச் சார்ந்த மையக்குத்துக்கோடும் சேர்ந்தே அழிகிறது. ஆகவே வட்டத்தின் மீது வலச்சொடுக்கி, அதை மறைக்க மட்டும் செய்யுங்கள்.