2022 வங்குரோத்து: நாட்டை விழுத்தியது பிணைமுறியா, வரிக்குறைப்பா?

திறைசேரி_நோக்கு:
2022 ஏப்ரல் 12 இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. பழி உடனே சீனாவின் தலையில் விழுந்தது. சீனக் கடன் வெளிநாட்டுக் கடனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். கழுத்தை நெரித்தது சுமார் 12.5 பில்லியன் டொலர் சர்வதேசப் பிணைமுறி, அதாவது வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அரசு விற்ற கடன் பத்திரம். உலக வங்கிக் கடனையோ ஜப்பான் கடனையோ பல்லாண்டுகளில் சிறுகச் சிறுகக் கட்டலாம். பிணைமுறி அப்படியல்ல. ஆறு மாதத்துக்கொருமுறை வட்டி, முதிர்வு நாளில் முழு முதலும் ஒரே தவணை. 2007 இல் விற்ற முதலாவது முறி 500 மில்லியன், வட்டி 8.25%, காலம் ஐந்தே ஆண்டு. எந்த வீதியும் துறைமுகமும் ஐந்தாண்டில் அவ்வளவு டொலர் உழைக்காது. ஆகவே புது முறி விற்றுப் பழையதை அடைத்தார்கள்.

வரி_முதலில்:
பழையதை அடைக்கப் புதிதாய் வாங்குவது பல நாடுகளும் செய்வதுதான் அண்ணை. சந்தை ஏன் கதவைச் சாத்தியது என்பதுதான் கேள்வி. 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 ஆனது. வரி வருமானம் 2019 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11.6%, அடுத்த ஆண்டு 8.1%. 2020 முடிவதற்குள் கடன் தரமிடும் நிறுவனங்களான மூடிஸும் பிட்ச்சும் நாட்டின் தரத்தை இறக்கின. அதன்பின் புது முறி விற்க வழியில்லை. அதோடு டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோர் வங்கியை விட்டு, கூடுதல் விலை தந்த உண்டியல் எனும் முறைசாராப் பணமாற்றுக்குப் போனார்கள். 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டு மாதத்தில் 360. ஒரு பில்லியன் டொலர் கடன் 203 பில்லியன் ரூபாவிலிருந்து 360 பில்லியனாகியது, ஒரு சதம்கூடப் புதிதாய் வாங்காமலே.

திறைசேரி_நோக்கு:
அந்த நெருக்கடியிலும் 2022 ஜனவரி 18 இல் முதிர்ந்த 500 மில்லியனை முழுதாகக் கட்டினார்களே? எரிபொருளுக்கும் மருந்துக்கும் வைத்திருக்க வேண்டிய டொலர் அது.

வரி_முதலில்:
அது பெரும் பிழைதான். 2021 இலேயே தவணையை நிறுத்திப் பேச்சுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அது முடிவெடுத்தவர்களின் பிழை, முறியின் பிழையல்ல.

சேமலாப_உறுப்பினர்:
சுமை யார் தலையில் இறங்கியது என்று இருவரும் பேசவில்லை. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள், அதாவது அரசின் ரூபாக் கடன் பத்திரங்கள், மாற்றப்பட்டன: 2025 வரை 12% வட்டி, பிறகு 9%. சேர மறுத்தால் முறி வருமானத்துக்கு வரி 14 இலிருந்து 30 வீதம். இதற்குப் பெயர் விருப்பத் தெரிவாம்! வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவே இல்லை. 2024 ஜனவரியில் வற் 18%.

வரி_முதலில்:
வங்கிகளின் மூலதனம் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. அங்கேயும் வெட்டியிருந்தால் வைப்பாளர்கள் வரிசையில் நின்றிருப்பார்கள். வெளிநாட்டு முறிக்காரரும் 2024 டிசம்பரில் முதல் தொகையில் 27% விட்டுக்கொடுத்தார்களே.

திறைசேரி_நோக்கு:
அந்த 27% நிலையானதல்ல. பெரும்பகுதி முறிகள் பொருளாதாரத்தோடு இணைக்கப்பட்டவை. 2025 முதல் 2027 வரையான சராசரி உற்பத்தி, டொலர் கணக்கில், குறித்த மட்டங்களைத் தாண்டினால் 2028 இலிருந்து கொடுப்பனவு கூடும். ரூபா வலுத்தாலே டொலர் உற்பத்தி பெருத்துவிடும்.

வரி_முதலில்:
அதைத் தடுக்கத்தான் உண்மை வளர்ச்சி (விலையேற்றத்தைக் கழித்த வளர்ச்சி) நிபந்தனையும் வைத்திருக்கிறார்கள். உற்பத்தி சரிந்தால் கொடுப்பனவு குறையவும் செய்யும்.

சேமலாப_உறுப்பினர்:
சேமலாப நிதிக்கு அப்படியொரு ஏற்பாடு உண்டா? நாடு எவ்வளவு வளர்ந்தாலும் எங்கள் நிதியின் மாற்றிய முறிகளுக்கு அதே 9% தான்.