விஷவாயு, ரசாயனக் கசிவு: ஆம்புலன்ஸ் ஆட்களுக்கு எதிலிருந்து பயிற்சியைத் தொடங்குவது?

சைரன்:
வணக்கம். ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களை ரசாயன விபத்து நடந்த இடங்களில் வேலை செய்யப் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கையில் சில பாதுகாப்பு உடைகள், முகக்கவசங்கள், கொஞ்சம் அவகாசம். உடையைப் போடச் சொல்லிக்கொடுத்தால் போதுமா? களத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பயிற்றுநர்:
உடை அப்புறம். முதலில் நிற்கக் கற்றுக்கொடுங்கள், சைரன். ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கால் தானாக ஓடும். மூடிய தொட்டியில் அந்த வேகம்தான் ஆளைக் கொல்கிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையைப் படித்துக் காட்டுங்கள்: மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள்.

காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை மாதிரி நாறும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறிவிட்டால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் அடங்கிவிட்டது என்று நினைத்து இறங்குபவர் அதிக வாயுவுக்குள் இறங்குகிறார். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போன இடத்தில் வடிகட்டி வைத்த முகக்கவசமும் உதவாது, ஏனென்றால் அது காற்றைச் சுத்தம் செய்யுமே தவிர ஆக்சிஜனைத் தராது. முதுகில் காற்று சிலிண்டர் இல்லாமல் இறங்கவே கூடாது.

நான் செய்யும் பயிற்சி இது. மைதானத்தில் ஒருவரைப் படுக்கவைத்து, 'காப்பாத்துங்க' என்று விடாமல் கத்தச் சொல்வேன். தரையில் ஒரு கயிறு. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக வண்டி வந்து, தூரத்திலேயே நிற்க வேண்டும். டேங்கரின் ஆரஞ்சுப் பலகை எண்ணைத் தொலைநோக்கியில் படித்து வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். 1017 என்றால் குளோரின், காற்றை விட சுமார் இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். 1005 என்றால் அம்மோனியா. இது காற்றை விட லேசு என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். திரவமாக இருந்து பீறிட்டு வரும்போது குளிர்ந்து, வெள்ளைப் புகையாகத் தரையோடு ஊர்ந்து வரும்.

இதற்குள் கயிற்றைத் தாண்டிக் கால் வைத்தவரை அங்கேயே படுக்கச் சொல்வேன். இப்போது நோயாளிகள் இரண்டு பேர், குழுவில் ஓர் ஆள் குறைவு. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

தீயணைப்புக்காரர்:
முழுக்க ஒத்துப்போகிறேன். உள்ளே போய் ஆளைத் தூக்கி வருவது எங்கள் வேலை. மாசு நீக்கும் இடத்தை, அதாவது உடம்பில் ஒட்டிய ரசாயனத்தை அகற்றும் இடத்தை, தாண்டி வந்த பிறகுதான் உங்களுடையது. இரண்டு குழுக்களும் சேர்ந்து ஒத்திகை பார்க்கவில்லை என்றால் சம்பவ இடத்தில் யார் எங்கே நிற்பது என்று கத்திக்கொண்டிருப்போம்.

அவசரப்பிரிவு நர்ஸ்:
மாசு நீக்காமல் ஏற்றி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1995 மார்ச் 20, டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நரம்பைத் தாக்கும் விஷத்தை வைத்து நடந்த தாக்குதலைச் சொல்லுங்கள். அன்று பணியில் இருந்த 1,364 ஆம்புலன்ஸ் ஊழியர்களில் 135 பேருக்கு அறிகுறி வந்தது. நோயாளிகளின் துணியிலிருந்து கிளம்பிய ஆவி, மூடிய வண்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. துணியைக் கழற்றினாலே பெரும்பகுதி மாசு போய்விடும். தலை வழியாக இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். மானத்தை மறைக்க ஒரு போர்வையும் கையில் இருக்கட்டும். அது இல்லாததால் கழற்ற மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சைரன்:
நன்றி. உடை போட்டபின் சிகிச்சை எப்படி? தடித்த கிளவுஸில் நாடி கூடத் தெரியவில்லையே?

பழைய பயிற்றுநர்:
தெரியாது. ஸ்டெதாஸ்கோப்பும் காதுக்குப் போகாது. அதனால் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கப் பழக்குங்கள். நரம்பு தேடி நேரத்தை இழப்பதை விட, பயிற்சி பெற்றவர் இருந்தால் எலும்புக்குள் ஊசி போடுவது கைக்கு எளிது. பிளாஸ்டர் நுனியை முன்கூட்டியே மடித்து வையுங்கள். இந்தச் சின்ன விஷயம் இல்லாமல் ஒரு சுருளோடு போராடி நிற்பார்கள்.

உடைக்குள் வியர்வை ஆறாது. போடும் முன்பும் கழற்றிய பின்பும் நாடி, ரத்த அழுத்தம், உடல் சூடு பாருங்கள். தலை சுற்றுகிறது என்று சொல்லக் கூச்சப்படுவார்கள், நீங்களே கேளுங்கள்.

அவகாசத்தில் பாதியைக் கழற்றுவதற்கு ஒதுக்குங்கள். புற ஊதா விளக்கில் ஒளிரும் பொடியை உடையில் தூவி, ஒருவர் படிகளை உரக்கப் படிக்க, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி விளக்கைப் பிடியுங்கள். பெரும்பாலும் மணிக்கட்டும் கழுத்தும்தான் ஒளிரும். ஒளிராமல் வரும்வரை திரும்பப் போடச் சொல்லுங்கள்.