கார்க் கதவுப் பூட்டு இறுகிவிட்டது: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பொள்ளாச்சி வாசகர்:
பதினோரு ஆண்டுகளாக நாங்கள் வைத்திருக்கும் காரில், ஓட்டுநர் பக்கக் கதவின் பூட்டு சில வாரங்களாக இறுகிக்கொண்டே வருகிறது. சாவி கரகரவென்று நுழைகிறது. கைப்பிடியை மூன்று முறை இழுத்தால்தான் கதவு திறக்கிறது. வீட்டுக்கு அருகிலேயே தென்னை நார் மில் இருப்பதால் தூசி அதிகம். இருமுறை தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். விட்ட அன்று இலகுவாக இருந்தது. இந்த மார்கழி விடியலில் முன்பைவிட மோசமாகிவிட்டது. பணிமனையில் பூட்டையே மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் நானே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பல்லடம் வாசகர்:
ஐயா, பூட்டை மாற்ற அவசரப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் பக்கத்து மார்கழி விடியலில் சமையலறைப் புட்டியில் அது கட்டியாகி நிற்பதைப் பார்க்கிறோமே, அதுவேதான் பூட்டுக்குள்ளும் நடக்கிறது. போதாக்குறைக்கு நார்த்தூசியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. எனவே புதிதாக எதையும் விடுவதற்கு முன் பழையதைக் கழுவி எடுக்க வேண்டும்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, விளிம்பில் இருக்கும் கொக்கியைத் திருப்புளி முனையால் உள்ளே தள்ளுங்கள். இரண்டு கட்டமாக விழும். பிறகு கைப்பிடியை இழுத்தால் சட்டென விடுபட வேண்டும். அப்போதும் மந்தமாக இருந்தால் அழுக்குதான் காரணம். திறந்திருக்கும்போது நன்றாக வேலை செய்து, சாத்தியபின் மட்டும் இறுகினால், கதவுச் சட்டத் தூணில் கொக்கி பற்றிக்கொள்ளும் இரும்பு வளையம் நகர்ந்திருக்கலாம். அல்லது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் தடித்திருக்கலாம்.

அழுக்குதான் என்றால், டபிள்யூடி-40 என்ற பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும், இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். நன்கு உலர்ந்தபின் வெள்ளை லித்தியம் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவிக் கொக்கியைப் பத்துப் பதினைந்து முறை இயக்குங்கள். சோதித்து முடித்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியைத் திறந்த நிலைக்குக் கொண்டுவராமல் கதவைச் சாத்திவிடாதீர்கள். கொக்கி வளையத்தில் மோதிச் சேதமாகும்.

ஈரோடு வாசகர்:
மேலே சொன்னது கொக்கிக்குப் பொருந்தும். சாவித் துவாரத்துக்கு அந்தக் கிரீஸ் வேண்டவே வேண்டாம். அங்கே உலர்ந்த மசகாகப் பயன்படும் கிராஃபைட் தூள்தான் ஏற்றது. ஆனால் எண்ணெய் ஈரத்தோடு அதைத் தூவினால் சேறாகிவிடும் என்பதால், முதலில் டபிள்யூடி-40 விட்டுச் சாவியைப் பலமுறை நுழைத்து எடுத்து, ஒவ்வொரு முறையும் துடைத்து, ஒரு நாள் உலரவிட்ட பிறகே தூளைச் சிறிதளவு செலுத்துங்கள். சென்ட்ரல் லாக்கை அழுத்தும்போது அந்தக் கதவில் மட்டும் சத்தம் குறைவாகவோ இழுவையாகவோ கேட்டால், கோளாறு உள்ளிருக்கும் சிறு மோட்டாரில் இருக்கலாம். எந்தக் கிரீஸும் அதைத் தீர்க்காது.

பொள்ளாச்சி வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஞாயிறன்று செய்து பார்த்தேன். நான்கு துணிகள் கறுத்தன. கொக்கிக்குள்ளிருந்து நார்த்துணுக்குகள் உருண்டையாக வந்தன. இன்று விடியற்காலையில் கதவு ஒரே இழுப்பில் திறந்தது. சாவித் துவாரம் இன்னும் உலர்ந்துகொண்டிருக்கிறது. நாளைதான் தூள் விடப்போகிறேன்.