பழைய ஐடிஇ டிஸ்க்: லேபிளில் 100, வருவதோ 4. ஏன்?

கேள்வி:
அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் 80 ஜிபி ஐடிஇ டிஸ்க் (பட்டையான கேபிளில் மாட்டும் பழைய வகை), லேபிளில் ஏடிஏ 100, அதாவது நொடிக்கு 100 எம்பி, என்று இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் படங்களை நகலெடுத்தால் நொடிக்கு 4 எம்பிதான் வருகிறது, சிபியு வேறு திணறுகிறது. அதே டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி 2.0 அடாப்டரில் மாட்டினால் 28. நேரடியாக மாட்டினால்தானே வேகம் அதிகம் வர வேண்டும்?

பதில் 1:
100 என்பது இணைப்பின் உச்சவரம்பு, டிஸ்கின் வேகம் இல்லை. அந்தக் காலத்து டிஸ்க் வெளிவட்டத்தில் 50 கொடுத்தாலே பெரிய விஷயம். யுஎஸ்பி 2.0-இன் 480 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் (எட்டு பிட் ஒரு பைட்) 60 எம்பி, கையில் கிடைப்பது 30 சொச்சம், ஆக உங்கள் 28 நியாயமானதுதான். ஃபயர்வயர் 400 என்ற இன்னொரு பழைய இணைப்பு காகிதத்தில் இதைவிடக் குறைவு, ஆனால் நடைமுறையில் முந்தும். யுஎஸ்பி 1.1-இல் மாட்டியிருந்தால் முழு டிஸ்கையும் நகலெடுக்க ஒரு நாள் போயிருக்கும்!

பதில் 2:
4 வருகிறது, சிபியுவும் திணறுகிறது என்றால் அது பிஐஓ மோடுக்கு (தரவை சிபியுவே நகர்த்தும் பழைய, மெதுவான முறை) இறங்கியிருக்கும் அண்ணா. பிழைகள் தொடர்ந்து வந்தால் எக்ஸ்பி தானாகவே இறக்கிவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். அப்புறம் கேபிளைப் பாருங்கள், 80 கம்பியா 40 கம்பியா? 40 என்றால் நொடிக்கு 33 எம்பிக்கு மேல் ஏறாது.

கேட்டவர்:
சிடி டிரைவின் தடித்த 40 கம்பி கேபிளைத்தான் மாட்டியிருந்தேன், அதுவும் நடுவில் மடங்கிப் போயிருந்தது. மாற்றிவிட்டேன், இப்போது 41. நன்றி தம்பி!