மறு: மெய்யெண்களின் அந்தப் பண்புக்கு என்ன பெயர்? ('இடைவெளியின்மை' பற்றி)

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு கணத்தின் எந்த உறுப்பும் தாண்டாத எண்ணை அதன் மேல்வரம்பு என்கிறோம். மேல்வரம்புள்ள கணத்துக்கு (வெற்றுக்கணத்தைத் தவிர) எல்லாவற்றிலும் சிறிய மேல்வரம்பு ஒன்று மெய்யெண்களுக்குள்ளேயே கிடைக்கும். ஆங்கிலத்தில் completeness எனப்படும் இந்தப் பண்புக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. வந்த யோசனைகளுக்கு என் மறுமொழி:

> 'இடைவெளியின்மை' என்றே வைத்துவிடலாம். எண்கோட்டில் ஓட்டையே இல்லை என்பதுதானே பொருள்? பள்ளிப் பிள்ளைக்கும் சட்டென்று புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும்.

விகிதமுறு எண்களில் எந்த இரண்டை எடுத்தாலும், கூட்டிப் பாதியாக்கினால் நடுவில் இன்னொன்று கிடைக்கிறது. இதை அடர்த்திப் பண்பு என்று சொல்லிக்கொடுக்கிறோம். "அப்படியென்றால் விகிதமுறு எண்களுக்கும் இடைவெளி கிடையாதே" என்று ஒரு மாணவர் கேட்டால் அவர் கேட்பது நியாயம். ஆனால் நாம் பெயர் தேடும் பண்பு விகிதமுறு எண்களுக்கு இல்லை. வர்க்கம் 2-க்குக் குறைவாக உள்ள நேர் விகிதமுறு எண்களை ஒரு கணமாக்குங்கள். 1, 1.4, 1.41, 1.414 எல்லாம் உள்ளே வரும். 3/2 இதற்கு ஒரு மேல்வரம்பு. 17/12 அதைவிடச் சிறிய மேல்வரம்பு, 577/408 இன்னும் சிறியது. (577-இன் வர்க்கம் 332929, 408-இன் வர்க்கத்தைப் போல் இருமடங்கு 332928. ஒன்றே ஒன்றுதான் கூடுதல்!) எந்த மேல்வரம்பைக் கொடுத்தாலும், அதற்கும் 2-ஐ அதனால் வகுத்து வருவதற்கும் சராசரி எடுத்தால் அதைவிடச் சிறியது வந்துவிடும். ஆகவே எல்லாவற்றிலும் சிறிய மேல்வரம்பு என்பது விகிதமுறு எண்களுக்குள் அகப்படவே அகப்படாது. மெய்யெண்களில் அகப்படுகிறது: √2.

முழுக்களைப் பார்த்தால் கதை தலைகீழ். 0-க்கும் 1-க்கும் நடுவே அப்பட்டமான வெற்றிடம். ஆனாலும், மேல்வரம்புள்ள எந்த முழுக்களின் கணத்திலும் (வெற்றுக்கணத்தைத் தவிர) மிகப் பெரிய உறுப்பு ஒன்று உண்டு; அதுவே அதன் மீச்சிறு மேல்வரம்பு. இடைவெளியும் இருக்கிறது, பண்பும் இருக்கிறது! இரண்டு பக்கமும் இடறுகிற பெயரை ஏன் கட்டி அழ வேண்டும்?

போதாக்குறைக்கு, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட எண்களின் கணத்துக்குத் திறந்த இடைவெளி, மூடிய இடைவெளி என்று அந்தச் சொல் ஏற்கெனவே குடியேறிவிட்டது. இலங்கையில் ஆயிடை என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

> அப்படியானால் 'முழுமை'?

முழு எண், முழுக்கள் இரண்டும் முன்னால் நிற்கின்றன. "முழுக்களுக்கு முழுமை உண்டு" என்பது சரியான கூற்று, ஆனால் வாசிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். 'தொடர்ச்சி'க்கு வரலாற்று ஆதரவு உண்டு. ஜெர்மன் கணிதவியலர் டெடிகிண்ட் 1872-இல் வெளியிட்ட சிறு நூலில் இந்தப் பண்பைத் தொடர்ச்சி என்றுதான் சொன்னார். இன்று அது சார்புகளுக்கு உரியதாகிவிட்டது. எனக்கு உண்மையில் ஆசை 'அடைவு' மேல்தான். ஆனால் கூட்டினாலும் பெருக்கினாலும் தொகுதியை விட்டு வெளியேறாமல் இருப்பதற்கு அடைவுப் பண்பு என்று ஊரறிந்த பெயர் இருக்கிறது; பிடுங்க முடியாது.

என் பரிந்துரை 'நிறைவு'. ஒரு கலைச்சொல் தனியாக நின்றால் போதாது, அதிலிருந்து சொற்கள் கிளைக்க வேண்டும். நிறைவுப் பண்பு, நிறைவான வெளி, நிறைவற்ற தொகுதி. விகிதமுறு எண்களிலிருந்து மெய்யெண்களைக் கட்டி எழுப்பும் வேலைக்கு நிறைவாக்கம். இடைவெளியின்மையிலிருந்து இதற்கு ஒரு வினையை உண்டாக்கிப் பாருங்கள், தெரியும். இயற்பியலின் 'நிறை'யோடு குழம்புமே என்றால், யாரும் 'நிறையாக்கம்' என்று எழுதாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தொகுப்பில் சேர்க்க வரைவு:

நிறைவுப் பண்பு: மேல்வரம்புள்ள, வெற்றல்லாத ஒவ்வோர் உட்கணத்துக்கும் மீச்சிறு மேல்வரம்பு அதே தொகுதிக்குள் இருத்தல்.

'வெற்றல்லாத' என்பதை நீக்க வேண்டாம். வெற்றுக்கணத்துக்கு எல்லா எண்ணுமே மேல்வரம்பு. அவற்றில் சிறியது எது? 'மேல் எல்லை' என்றும் எழுத வேண்டாம், எல்லை வேறு பொருளில் புழங்குகிறது. கீழ்வரம்புக்குத் தனி விதி தேவையில்லை, குறியை மாற்றினால் வந்துவிடும்.

---

ஐயா,

நிறைவுக்கு என் ஒப்புதல். ஒரே ஒரு ஐயம். கோஷி தொடர்முறைகள் (போகப்போக உறுப்புகள் ஒன்றையொன்று வேண்டிய அளவுக்கு நெருங்குபவை) எல்லாம் ஒருங்குவதையும் நிறைவு என்போம். அது தூரத்தை வைத்து வருவது. உங்கள் வரைவு வரிசையை வைத்து வருவது. மெய்யெண்களில் இரண்டும் ஒன்றாகவே அமைகின்றன, ஆனால் பொதுவில் அப்படியில்லை. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத வரிசைப் புலங்கள் (நான்கு செயல்களும் பெரிது-சிறிது ஒப்பீடும் உள்ள தொகுதிகள்) உண்டு. அங்கே ஆர்க்கிமிடீசுப் பண்பு இருக்காது, அதாவது எந்த இயல் எண்ணையும் விடப் பெரிய உறுப்புகள் இருக்கும்.

எனவே தொகுப்பில் 'வரிசை நிறைவு', 'தூர நிறைவு' என்று இரண்டு பதிவுகளாகப் போடலாமா? பள்ளிப் பாடத்துக்கு அடைமொழி இல்லாத நிறைவே போதும்.