‘சானிடைஸ்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்: வீட்டுவண்டியின் நீர்வழியை முன்வைத்து

மடல் 1: ஒன்ராறியோவிலிருந்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கே ஏப்ரல் கடைசி. மே மாதத்தில் விக்டோரியா தின விடுமுறை வந்தால் வீட்டுவண்டிகள் (குசினி, குளியலறையோடு பயணம் போகும் ஆர்வி வண்டிகள்) எல்லாம் தெருவில் இறங்கிவிடும். ஒக்டோபரில் மூடி வைத்த வண்டியைத் திறந்து ஆயத்தப்படுத்த எங்களுக்கு இன்னும் மூன்று வாரந்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இப்படி வண்டி வைத்திருக்கின்றன. அவற்றில் பாதி வீடுகளில் இந்த வேலைகளைப் பார்ப்பது ஊரிலிருந்து வந்த பெரியவர்கள்தான். அவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிவருகிறேன்.

பெரும்பாலான சொற்கள் தாமாகவே வந்து அமைந்துவிட்டன. குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடித்து, குழாய் வெடிக்காமல் இளஞ்சிவப்புத் திரவத்தை உள்ளே ஏற்றி வைப்பதற்குப் ‘பனிக்காப்புக் கட்டுதல்’ என்று எழுதினேன். வசந்தத்தில் அதைக் கழற்றுவது ‘காப்பவிழ்த்தல்’. கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி அவிழ்ப்பதைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. என் அம்மாவிடம் சொன்னதும், “அப்ப எத்தனை நாளைக்குக் காப்பு?” என்றுதான் கேட்டா.

நான் தட்டுப்பட்டு நிற்பது அடுத்த படியில். காப்பவிழ்த்த பிறகு தண்ணீர்த் தாங்கி (தொட்டி), பம்பு, குழாய்கள், வெந்நீர்க் கலன் எல்லாவற்றையும் ‘சானிடைஸ்’ செய்யவேண்டும். அதற்கு என்ன சொல்?

வேலையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்க்காமல் சொல்லைத் தேட முடியாது. முதலில் இளஞ்சிவப்புத் திரவம் போகும்வரை நல்ல தண்ணீர் ஓடவேண்டும். குழாயைத் திறந்தால் முதலில் நுரைத்துக்கொண்டு ரோஜாப்பூ நிறத்தில் வரும். பிறகு வெளிறும். பிறகு தெளியும். அதன்பின் வாசனை எதுவும் சேராத வீட்டுப் பிளீச்சை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தாங்கிக்குள் ஊற்றவேண்டும். கணக்கு, 57 லீற்றர் கொள்ளளவுக்கு 60 மில்லிலீற்றர். 5 முதல் 6 சதவீத பிளீச்சுக்கு இது மில்லியனுக்கு ஏறத்தாழ 50 பங்கு குளோரின் தரும். என் வண்டியில் தாங்கி 150 லீற்றர், வெந்நீர்க் கலன் 23 லீற்றர். ஆக 180 மில்லிலீற்றர். கலனின் கொள்ளளவைச் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். பனிக்காப்புக் கட்டும்போது கலனுக்குள் திரவம் போகாமல் திருப்பி வைத்த சுற்றுவழி வால்வைப் பழைய நிலைக்குத் திருப்ப மறப்பவர்கள் அதைவிட அதிகம். வால்வு திரும்பாவிட்டால் வெந்நீர்க் கலனுக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகாது, வேலை முடிந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

தாங்கியை நிரப்பி, பம்பைப் போட்டு, ஒவ்வொரு குழாயாகத் திறக்கவேண்டும். குசினிக் குழாயில் குளிர்நீர், பிறகு சுடுநீர். குளியலறை, கழிப்பறை, வண்டிக்கு வெளியே இருக்கும் கைத்தூவி. ஒவ்வொன்றிலும் குளோரின் மணம் வரும்வரை விட்டு மூடவேண்டும். பிறகு குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, அப்படியே விடவேண்டும். காலையில் முழுவதையும் வடித்து, மணம் போகும்வரை நல்ல தண்ணீரால் அலசவேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே வேலையைச் செய்துவிட்டுக் குசினிக் குழாயில் ஒரு துண்டு ஒட்டினேன். ‘நீர் சுத்திகரிப்பு நடைபெறுகிறது’ என்று எழுதியிருந்தேன். அடுத்த நாள் விடியப்புறம் அப்பா வழக்கம்போல வண்டிக்குள் போய் இருந்திருக்கிறார், அங்கே சத்தம் இல்லாமல் பேப்பர் படிக்கலாம் என்று. கேத்திலில் தண்ணீர் பிடித்துத் தேத்தண்ணிக்கு வைத்திருக்கிறார். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் நீச்சல் தடாகத்தின் நெடி வண்டி முழுக்கப் பரவியிருக்கிறது. நல்லகாலம், குடிக்கவில்லை. ஊற்றிவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: “சுத்திகரிச்ச தண்ணி எண்டுதானே எழுதியிருக்கிறாய். மருந்து போட்டிருக்கு எண்டு எழுதியிருந்தா நான் தொட்டிருப்பனே? ஊரிலை கிணத்துக்கு மருந்து போட்டா இரண்டு நாளைக்கு வாளி விழாது.”

பிழை என் சொல்லில் இருந்தது. ‘சுத்திகரிப்பு’ என்றால் சுத்தமாகிறது தண்ணீர். இங்கே சுத்தமாகவேண்டியது தண்ணீர் அல்ல, தண்ணீர் போகும் வழி. உள்ளே நிற்கும் தண்ணீர் கொட்டப்படவேண்டிய தண்ணீர். நம் சொல் இதைச் சொல்லியாகவேண்டும்.

என் முன்மொழிவு: மருந்தூறல். வினையாக, நீர்வழியை மருந்தூற வைத்தல். உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

மடல் 2: கோவையிலிருந்து

தம்பிக்கு வணக்கம்.

உங்கள் அப்பா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். குடிநீர்த் துறையில் நெடுங்காலம் இருந்தவன் நான். எங்கள் ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டியின் தூணில் ‘சுத்தம் செய்த நாள்’ என்று பெயின்ட்டில் எழுதித் தேதி போடுவார்கள். தொட்டி இயக்குபவரைக் கேட்டால் “தொட்டி கழுவி மருந்து போட்டாச்சுங்க” என்பார். பிளீச்சிங் பவுடரை மருந்து என்றுதான் எல்லோரும் சொல்வது. ஆகவே உங்கள் சொல்லின் முதல் பாதியில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அளவைப் பற்றி ஒன்று. குழாயில் வரும் குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால் போதும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நீங்கள் சொல்லும் மில்லியனுக்கு 50 பங்கு என்பது லிட்டருக்கு 50 மில்லிகிராம். இருநூற்றைம்பது மடங்கு. ஆகவே இதைக் ‘குளோரினேற்றம்’ என்று சொல்லிவிடக் கூடாது. அது குடிக்கப்போகும் தண்ணீருக்கு நாங்கள் தினமும் செய்வது. நீங்கள் வேறு சொல் தேடுவது நியாயம்தான்.

ஆனால் ‘ஊறல்’ எனக்கு இடிக்கிறது. தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிப்பவனுக்கு ஊறல் என்றதும் நினைவுக்கு வருவது சாராய ஊறல். ‘500 லிட்டர் ஊறல் அழிப்பு’ என்று போலீஸ் செய்தி வரும். உங்கள் கையேட்டில் தொட்டி, ஊறல், லிட்டர் மூன்றும் ஒரே வரியில் வந்தால் இங்கே படிப்பவர் வேறு மாதிரி நினைப்பார்.

நான் ஒரு பழைய சொல்லை வைக்கிறேன். தேற்றல். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைப்பது நம்மிடம் கலித்தொகைக் காலத்திலிருந்தே இருக்கிறது. நோயிலிருந்து எழுவதையும் ‘உடம்பு தேறியது’ என்கிறோம். ஆங்கிலச் சொல்லின் வேரும் உடல்நலம் என்ற பொருளுடைய லத்தீன் சொல்தான். நீர்வழியைத் தேற்றுதல் என்றால் இரண்டு பொருளும் சேர்ந்து வருகிறதே.

மடல் 3: மெல்பேர்னிலிருந்து

தம்பி, ஐயா, இருவருக்கும் வணக்கம்.

நான் மருத்துவமனையில் தாதி. எங்களுக்கு இவை நாலு வேறு வேலைகள். அழுக்கை எடுப்பது ஒன்று. கிருமியின் எண்ணிக்கையைத் தீங்கில்லாத அளவுக்குக் குறைப்பது இரண்டாவது. அதைவிடக் கடுமையாக, நோய்க்கிருமிகளைக் கொல்வது மூன்றாவது. வித்திகள் (எளிதில் சாகாத உறங்குநிலைக் கிருமிகள்) உட்பட எதுவும் உயிரோடு மிஞ்சாமல் செய்வது நாலாவது. கருவிகளை அமுக்கக் கலனில் 121 பாகை நீராவியில் வைக்கிறோமே, அது. தமிழில் நாலையும் ‘கிருமிநீக்கம்’ என்று எழுதி விடுகிறார்கள். தம்பியின் வேலை இரண்டாவது. ஆகையால் ‘கிருமியழிப்பு’, ‘கிருமிநீக்கம்’ இரண்டையும் தயவுசெய்து எடுக்க வேண்டாம். செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லும் சொற்கள் அவை.

‘தொற்றுநீக்கல்’ என்று சொல்லத்தான் முதலில் வந்தேன். ஊரில் படித்த சொல். ஆனால் அது மூன்றாவதற்குப் போய்விட்டது. அதோடு, குழாயில் அப்படி ஒட்டியிருந்தாலும் அப்பா தேத்தண்ணி வைத்திருப்பார்.

மடல் 4: ஒன்ராறியோவிலிருந்து

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

ஐயா, ‘தேற்றல்’ என்ற சொல்லை ஒரு நாள் முழுக்க மனதில் வைத்திருந்தேன். அழகுக்குக் குறைவில்லை. ஆனாலும் தேற்றாங்கொட்டையை உரைக்கும்போது தேறுவது தண்ணீர். தேறிய தண்ணீரை நாம் குடிக்கிறோம். நான் துண்டில் எழுதிய பிழையும் இதே இடத்தில்தான் நடந்தது. ‘தேற்றல் நடைபெறுகிறது’ என்று ஒட்டினாலும் படிப்பவருக்கு உள்ளே இருப்பது நல்ல தண்ணீர் என்றுதான் படும். கலங்கலை எடுக்கும் வடிகட்டி ஒன்று வண்டியில் உண்டு. அதன் வேலைக்குத் தேற்றல் என்று கையேட்டில் எழுதிக்கொள்கிறேன். அங்கே அந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது.

அந்த வடிகட்டியைப் பற்றி முதல் மடலில் சொல்ல விட்டுவிட்டேன். மருந்து ஊற்றுவதற்கு முன் அதன் உள்ளுறையைக் கழற்றி வைத்துவிடவேண்டும். அதிலுள்ள கரி குளோரினைப் பிடித்துக்கொள்ளும், அதைத் தாண்டிய குழாய்களுக்கு மருந்து போய்ச் சேராது.

‘ஊறல்’ வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் நேரம். இந்த வேலையில் பெரும்பாலானவர்கள் விடும் பிழை, மருந்தை ஊற்றிக் குழாய்களைத் திறந்து பார்த்துவிட்டு அரை மணியில் வடித்துவிடுவது. ஆறு மாதம் மூடிக்கிடந்த குழாயின் உட்சுவரில் வழுவழுப்பாக ஒரு படலம் பிடித்திருக்கும். விரலால் தடவினால் தெரியும், பாசி பிடித்த படியைப் போல. போன வருடம் பம்பின் முன்னாலுள்ள சிறு சல்லடையைக் கழற்றியபோது அதன் கண்ணியில் அந்தப் படலம் சளிபோலத் தொங்கியது. குளோரின் அதற்குள் இறங்க நேரம் எடுக்கும். கழுவல், தெளித்தல், ஏற்றல் எதிலும் இந்தக் காத்திருப்பு இல்லை. ஊறுதலில் இருக்கிறது. உளுந்தை ஊறப்போட்டவருக்கு ‘பொறு’ என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

சாராயத்தை நீங்கள் சொல்லும்வரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் ஊரிலும் அந்தப் பொருள் தெரியும், ஆனால் காதில் முதலில் விழுவது ஊறுகாயும் நெல்லும்தான். ‘மருந்து’ முன்னால் நிற்கும்போது அந்தப் பொருள் வராது என்று எனக்குப் படுகிறது. ‘குளோரினூறல்’ என்று மாற்றலாமா என்றும் யோசித்தேன். சிலர் ஐதரசன் பெரொக்சைட்டு கலந்த கரைசல்களையும் பாவிக்கிறார்கள். சொல்லை ஒரு மருந்தோடு கட்டிப்போட்டால் அவர்களுக்கு உதவாது.

அக்கா சொன்ன நாலு படிகளும் கையேட்டின் முதல் பக்கத்தில் வரும். ‘மருந்தூறல் கிருமியைத் தீங்கில்லாத அளவுக்குக் குறைக்கும், முற்றாக அழிக்காது’ என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். அது தெரிந்தால்தான், இரண்டு கிழமை வண்டி சும்மா நின்ற பிறகு தாங்கியில் கிடக்கும் பழைய தண்ணீரை நம்பி யாரும் குடிக்கமாட்டார்கள்.

ஊறல் முடிந்து வடித்த பிறகு செய்வதை ‘அலசல்’ என்று வைத்திருக்கிறேன். தாங்கியை நிரப்பி ஒரு முறை, தேவையானால் இரண்டாம் முறை. மணத்தை மட்டும் நம்பாமல் நீச்சல் தடாகத்துக்கு விற்கும் சோதனைத்தாளை நனைத்துப் பார்க்கச் சொல்கிறேன். குடிநீரில் லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் குளோரின் கூடாது என்பது அமெரிக்கச் சுற்றாடல் காப்பு முகமையின் வரம்பு. தாள் அதற்குக் கீழே காட்டும்வரை அலசல் தொடரவேண்டும். மணம் போகவேண்டும் என்று வினாகிரி ஊற்றுகிற வழக்கம் சிலரிடம் உண்டு. மருந்து உள்ளே இருக்கும்போது அதை ஊற்றினால் நச்சுவாயு கிளம்பும். இதைச் சிவப்பு எழுத்தில் போடப்போகிறேன்.

குழாயில் ஒட்டும் துண்டை இந்த முறை அப்பாவையே எழுதச் சொன்னேன். அவர் எழுதியது: ‘பைப்புக்கு மருந்து ஊறுது. நாளைக்குக் காலமை அலசும்வரை தண்ணி எடுக்க வேண்டாம்.’ நான் எந்தச் சொல்லையும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மடல் 5: கோவையிலிருந்து

தம்பி,

அப்பாவின் துண்டைப் படித்த பிறகு எனக்கு வேறு சொல் வேண்டாம். மருந்தூறல் என்றே போடுங்கள். சொல்லடைவில் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்று எங்கேயும் ‘ஊறல்’ என்று சுருக்கிவிடாதீர்கள், எப்போதும் முழுச்சொல்லாகவே வரட்டும். அலசலுக்கும் எனக்குச் சம்மதம். ‘காப்பவிழ்த்தல்’ என்பதை எங்கள் பக்கத்து நண்பர்களுக்கும் அனுப்பிவைக்கிறேன்.